தண்டோராவை விட்டுப் பெண் கேட்டவன்

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இனத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். இவர்களுக்கு வாய் உண்டு. இட்லி தின்னவும், கொட்டாவி விடவும், பல் டாக்டரிடம் காட்டவும் அது நன்றாகவே வேலை செய்கிறது. பேசுவதற்கு மட்டும் அதைத் திறக்க மாட்டார்கள். பேசுவதற்கு வேறு யாரையாவது, வேறு எதையாவது ஏற்பாடு செய்துவிட்டு, தங்களுக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாடகை வாய்க்காரர்கள் என்று இவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக வேண்டுமானால் பக்கத்துப் பையனை விட்டு டீச்சரிடம் கேட்கச் சொன்னவர் இவர்தான். டவுன் பஸ்ஸில் பீளமேட்டில் இறங்க வேண்டியவர், 'நிறுத்துங்க' என்று சொல்ல வாய் வராமல், அதைத் தாண்டி ஹோப்ஸ் நிறுத்தத்தில் யாரோ புண்ணியவான் இறங்கும்போது கூடவே இறங்கி, வந்த வழியே வெயிலில் திரும்பி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டலில் சாம்பார் வேண்டுமென்றால் சர்வரைக் கூப்பிடுவாரா? கூப்பிட மாட்டார். எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவருக்குச் சாம்பார் வரும்வரை காத்திருந்து, அந்த வாளியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார்.

எங்கள் ஊர் மரியாதையும் இவர்களுக்குத் தோதாக அமைந்துவிட்டது. கோயமுத்தூரில் ஒருவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்ல வேண்டுமானால் சும்மா சொல்லிவிட முடியுமா? ஏனுங்க என்று ஆரம்பித்து, சாப்பிட்டாரா என்று விசாரித்து, ஊட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டு, தப்பாக நினைக்கக் கூடாது என்று முன்னுரை சொல்லி, விஷயத்துக்கு வருவதற்குள் அவரே இறங்கிப் போயிருப்பார். இவ்வளவு பாடுபடுவதற்குப் பேசாமலே இருந்துவிடலாம் என்று முடிவுகட்டிய புத்திசாலிகள் இவர்கள்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவன் அவிநாசியிலிருந்து தினமும் பைக்கில் சரவணம்பட்டிக்கு வேலைக்குப் போய்வருகிறான். பெயர் கிருபாசங்கர். வயதில் சின்னவன் என்பதால் அவன் என்றே சொல்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டான். கோபித்துக்கொண்டாலும் நேரில் வந்து சொல்ல மாட்டான்.

தோட்டத்து மோட்டாரைப் போனிலிருந்தே ஓடவிடவும் நிறுத்தவும் சாப்ட்வேர் எழுதுகிற கம்பெனி அது. அங்கே வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்ள ஒரு சாட் உண்டு. அதில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சேனல். சேனலில் நாம் எதையாவது எழுதினால் நம் பெயரும் நம் மூஞ்சியும் கூடவே தெரியும். அதுதானே கிருபாசங்கருக்கு ஆகாது? உட்கார்ந்து யோசித்தான். ஒரு வாரம் தலையைக் குனிந்து தட்டினான். பிறந்தது ஒரு கருவி. கணினியில் கறுப்பாக ஒரு திரை திறக்கும். பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கருவியின் பெயர், எந்தச் சேனல், என்ன செய்தி, இவ்வளவையும் ஒரே வரியில் தட்டி எண்டரை அமுக்கினால், சேனலில் மேளம் போட்ட படத்தோடு 'தண்டோரா' என்ற பெயரில் செய்தி விழும். தட்டியது யார் என்று எமனுக்கும் தெரியாது.

எமனுக்குத்தான் தெரியாது. ஆபீசில் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் வேலைச் செய்திகளைத்தான் தண்டோரா சொன்னது. பிறகு பால் பாக்கெட் தீர்ந்ததைச் சொன்னது. பிறகு கிருபாசங்கருக்குக் குளிர்ந்தது. ஏசி ரிமோட் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இல்மாவின் கைக்கருகில் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். வாயைத் திறந்தால் கேட்கும். இரண்டும் செய்யாமல் நம் ஆள் எண்டரைத் தட்டினான். 'ஏசியின் குளிர்ச்சி அனைவருக்கும் ஏற்றதாக உள்ளதா என்பதைப் பரிசீலிக்கவும்' என்று சேனலில் வந்து விழுந்தது. இல்மா அதைப் படித்துவிட்டு இவனைத் திரும்பிப் பார்த்தாள். இவனோ அந்தச் செய்தியை அப்போதுதான் முதன்முறையாகப் படிக்கிறவன் போலப் புருவத்தை உயர்த்தி, நல்ல யோசனைதான் என்று அதற்கு ஒரு கட்டைவிரல் படமும் போட்டான். குளுருதுன்னா சொல்லித் தொலையக் கூடாதா என்று இல்மா ரிமோட்டைத் தூக்கி அவன் மடியிலேயே போட்டாள்.

மேனேஜர் கதிரேசனுக்கு மட்டும் தண்டோராவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. புது சாப்ட்வேரை விவசாயிகளின் மோட்டாருக்கு அனுப்புமுன் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை. இதற்கு ஒரு வழி பண்ணு என்றார். கிருபாசங்கர் பண்ணினான். இனி தண்டோரா என்ன சொன்னாலும், 'ஆட்சேபம் இருந்தால் மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கவும். இல்லையேல் சம்மதமாகக் கருதப்படும்' என்று அடியில் தானாகவே சேர்ந்துகொள்ளும். யாராவது ஒருவர் கட்டைவிரல் படம் போடும்வரை அதே செய்தி அரை மணிக்கொரு தரம் மறுபடி மறுபடி விழும். பதில் சொல்லாமல் யாரும் தப்பிக்க முடியாது. கதிரேசன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த மாதமே கதிரேசனின் மாமனார் காலமானார். சேனலில் அறிவிக்கிற பொறுப்பு தண்டோராவுக்கு வந்தது. 'நம் மேனேஜரின் மாமனார் இன்று காலை இயற்கை எய்தினார். ஆட்சேபம் இருந்தால் மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கவும்.' அதோடு விட்டதா? கட்டைவிரல் போட்டால்தானே நிற்கும்? சாவுச் செய்திக்குக் கட்டைவிரல் போட எவனுக்குத் துணிச்சல் வரும்? பாவம், அந்த மனிதர் அன்றைக்கு அரை மணிக்கொரு தரம் இறந்துகொண்டே இருந்தார். கடைசியில் மயானத்திலிருந்து கதிரேசனே கட்டைவிரலைப் போட்டு அவரை நல்லடக்கம் செய்தார்.

அன்றைக்கே கருவியைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தத்தான் நினைத்தான். 'தண்டோராவைத் திருத்த வேண்டும்' என்று தண்டோராவை விட்டே தனக்கு ஒரு செய்தி அனுப்பிக்கொண்டான். அதற்குத் தானே ஒரு கட்டைவிரலும் போட்டுக்கொண்டான். விஷயம் அத்தோடு முடிந்தது.

இப்படிப்பட்டவனுக்கும் காதல் வரும் என்றால் நம்புவீர்களா? வந்தது. பின்வரிசையில் உட்காரும் ஷ்ரவ்யாமேல் வந்தது. சூலூர்ப் பெண், கலகலப்பானவள், மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிடுகிறவள். அவளுடைய பிறந்தநாளன்று அவளுக்கு மட்டும் தண்டோரா ஒரு வாழ்த்து அனுப்பியது. அதன் கடைசியில் ஒரு வரி இருந்தது: 'மேலும், கிருபாசங்கர் தங்களை விரும்புவதாகத் தெரிகிறது.' தெரிகிறதாம்! யாரோ விசாரித்து வந்து சொன்னதைப் போல. ஆட்சேபத்துக்கான வரியும் வழக்கம்போல அடியில் ஒட்டிக்கொண்டு போயிற்று. ஷ்ரவ்யா படித்தாள், சிரித்தாள், வாழ்த்துக்கு நன்றி என்று மட்டும் பதில் அனுப்பினாள்; அரை மணிக்கொரு தரம் அதே செய்தி விழுந்தும் கட்டைவிரல் போடாமல் விட்டுவைத்தாள். ஐந்து அடித்ததும் நாற்காலியோடு உருண்டு முன்வரிசைக்கு வந்தாள்.

"மணி அஞ்சு ஆயிப்போச்சுங்க. எனக்கு ஆட்சேபம் இல்ல. இப்பவாவது வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

கிருபாசங்கர் சிவந்தான். திரும்பினான். அவள் அனுப்பியிருந்த நன்றிக்கு ஒரு கட்டைவிரல் போட்டான். இதற்கும் பொறுத்துக்கொண்டாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

ஷ்ரவ்யாவுக்கு அப்பா இல்லை. வளர்த்து ஆளாக்கியவர் பெரியப்பா வெங்கடபதி. சூலூரில் தறிக்கூடம் வைத்திருப்பவர், நறுக்கென்று பேசுகிறவர். தறியில் நூல் அறுந்தால் போனுக்குச் செய்தி வரும்படி அவருக்கு ஒரு சேனல் உண்டு. அதில் தறி ஓட்டுகிறவர்களும் நூல் சுற்றுகிறவர்களும் இருப்பார்கள். ஷ்ரவ்யா கேட்டுக்கொண்டதால் அதைச் செய்துகொடுத்தவன் கிருபாசங்கர்தான். சரவணம்பட்டியில் உட்கார்ந்தபடியே செய்துமுடித்தான். சூலூர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெண் விஷயத்தைச் சொன்னதும் பெரியப்பா தாம்தூம் என்று குதிக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். பையன் நேரில் வந்து தம் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதற்கப்புறம் அவன் அம்மா தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு வரலாம். பேசத் தெரியாதவனை நம்பிப் பெண்ணை எப்படிக் கொடுப்பது? வெள்ளிக்கிழமைக்குள் அவன் வராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சரி என்று சொல்லிவிடுவார். ஷ்ரவ்யா இதைக் கேன்டீனில் வைத்துச் சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. கிருபாசங்கருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவளைத் தவிர வேறொருத்தியை அவனால் நினைத்துப் பார்க்க முடியாது. அதையும்கூட அவளிடம் அவன் சொன்னதில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுச் சூலூருக்குப் போனான் என்பதைச் சொல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம் செய்தவனாவேன். தறிக்கூடத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றான். டீயாகக் குடித்தான். தறிச் சத்தம் தெருவெல்லாம் கடகடவென்று கேட்டது. இந்தச் சத்தத்தில் பேசினால் அவருக்குக் காதில் விழாது, சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தான். மதியம் தறி நின்றது. சாப்பிடுகிற நேரத்தில் போய்த் தொந்தரவு பண்ணலாமா என்று மறுபடி காத்திருந்தான். நூல் சுற்றும் மாரியாத்தாள் வெளியே வந்தவர், காலையிலிருந்து ஒரு பையன் வெயிலில் நிற்கிறானே என்று இரக்கப்பட்டு, ஆரைப் பார்க்கோணும் கண்ணு என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், நம் ஆளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அவிநாசிக்கு எப்படிப் போவது என்று கேட்டான். சொந்த ஊருக்கே வழி கேட்டவனுக்கு அந்த அம்மாள் பொறுமையாக, கையை நீட்டி நீட்டி வழி சொன்னார். அவனும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அந்த வழியே வீடு போய்ச் சேர்ந்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. பின்வரிசையிலிருந்து ஷ்ரவ்யா அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என்ன செய்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்? பைக்கை எடுத்தானா? போனையாவது எடுத்தானா? கறுப்புத் திரையைத் திறந்தான்.

எண்டரைத் தட்டியதும் இந்த இனத்துக்கு வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை நீங்கள் பார்க்க வேண்டும். தோள் இறங்கும். மூச்சு சீராகும். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இனி உலகம் பார்த்துக்கொள்ளட்டும். கிருபாசங்கர் எழுந்து போய் இரண்டு வடை தின்றான்.

சூலூரில் என்ன நடந்தது தெரியுமா? தறிக்கூடத்துச் சேனலில், ஏழாம் தறியில் நூல் அறுந்தது என்ற செய்திக்கும் பத்தாம் தறி நின்றது என்ற செய்திக்கும் நடுவே மேளத்தோடு வந்து விழுந்தது தண்டோரா: 'அவிநாசி கிருபாசங்கர், சூலூர் ஷ்ரவ்யாவைத் திருமணம் செய்துகொள்ள இதன்மூலம் அனுமதி கோரப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கவும்; இல்லையேல் சம்மதமாகக் கருதப்படும்.' தறிக்கூடம் முழுக்கப் படித்தது. முதலாளி வீட்டுப் பெண் சமாசாரத்துக்குக் கட்டைவிரல் போட யாருக்குத் தைரியம் வரும்? அரை மணி கழித்து முதல் நினைவூட்டல். அப்புறம் இரண்டாம் நினைவூட்டல். மூன்றாவது தடவை 'அவசரம்' என்று தலைப்பும் சேர்ந்துகொண்டது. அதற்கும் பதில் இல்லாமல் மறுபடி மறுபடி அடித்ததில், நூல் சுற்றிக்கொண்டிருந்த மாரியாத்தாள் இந்தப் போனின் வாயை அடைத்தால் போதுமென்று, கையில் பட்ட எதையோ அமுக்கினார். கட்டைவிரல் விழுந்தது. தண்டோரா உடனே மகிழ்ச்சியோடு அறிவித்தது: 'சம்மதம் பெறப்பட்டது. சம்மதம் அளித்தவர்: மாரியாத்தாள். நன்றி.'

வெங்கடபதி சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார்.

சாயங்காலம் ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் வந்து நடுக்கூடத்தில் நின்றதும், பின்வரிசையில் ஷ்ரவ்யா எழுந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே வந்திருப்பது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வந்தவர் கையைக் கூப்பினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏனுங்க, இங்க தண்டோராங்கறவரு ஆருங்க?"

எல்லாரும் கிருபாசங்கரைப் பார்த்தார்கள். கிருபாசங்கரும் யார் என்று கழுத்தைத் திருப்பித் தேடினான்.

"அரைமணிக்கொருக்கா எங்க பொண்ணக் கேட்டுச் செய்தி சொல்லிப்போட்டாருங்க. சொன்னவரு மொகத்தப் பாத்துத்தானுங்களே பதில் சொல்லோணும்? அதான் நானே நேர்ல வந்தனுங்க."

கிருபாசங்கரின் விரல்கள் தாமாகவே விசைப்பலகைக்குப் போயின. இல்மாவின் கணினியில் டிங் என்று சத்தம் கேட்டது. தங்கள் வருகைக்கு நன்றி, அமரவும், என்று தண்டோரா சொல்லியிருந்தது. இல்மா அதை உரக்கப் படித்துத் தொலைத்தாள். அப்படியானால் தண்டோரா நீங்கதானுங்களா அம்மணி என்று பெரியவர் அவள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். இல்மா பதறிப்போய்க் கிருபாசங்கரைக் கைகாட்டினாள். அதற்குள் அவன் அடுத்த செய்தியைத் தட்ட ஆரம்பித்திருந்தான். ஷ்ரவ்யா விறுவிறுவென்று வந்து அவன் லேப்டாப்பைப் படீரென்று மூடினாள். விரல் நசுங்காதது அவன் அதிர்ஷ்டம்.

வெங்கடபதி ஒரு நாற்காலியை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"அது மெசினுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா தம்பி? நூலு அறுந்துச்சுன்னு அது சொல்லட்டும், கேட்டுக்கறேன். பொண்ணு வேணுமுன்னா மனுசன் சொல்லோணும். நாளைக்கு எம்பொண்ணு காச்சல்ல படுத்திருந்தா, எப்பிடி இருக்குதுன்னும் மேளத்தவுட்டுத்தான் கேப்பீங்களா?"

கிருபாசங்கர் மூடிய லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தினான். ஷ்ரவ்யாவைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. இவனுக்காகக் காத்திருந்து காத்திருந்து கடைசியில் திருப்பூர்க்காரனுக்குத்தான் கழுத்தை நீட்ட வேண்டுமா என்கிற பயம் அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகும் வாய் திறக்காதவன் மனிதனா? இத்தனை வருஷமாக இட்லிக்கும் கொட்டாவிக்கும் மட்டுமே திறந்த அந்த வாய் திறந்தது.

"ஏனுங்க மாமா... ஷ்ரவ்யாவ நான் கண்ணாலம் பண்ணிக்கோணுமுங்க. அவ இல்லீன்னா எனக்கு ஆருமே வேண்டாமுங்க. நல்லாப் பாத்துக்குவேனுங்க."

நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழக்கம் விடுமா? ஓடிப் பழகிய வாக்கியம் தன்பாட்டில் ஓடியது.

"ஆட்சேபம் இருந்தா அஞ்சு மணிக்குள்ள..."

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. இல்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். கதிரேசன் தம் மாமனாரை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினார். வெங்கடபதி நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மணி அஞ்சேகால் ஆயிப்போச்சுங்களே தம்பி," என்றார். "இனி என்ன பண்றது. அம்மாவத் தட்டத் தூக்கிட்டு வரச்சொல்லுங்க."

கூடம் முழுக்கக் கைதட்டல். ஷ்ரவ்யா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவன் தோளில் ஒரு குத்தும் விட்டாள். கதை இங்கேயே முடிந்திருந்தால், வாய் திறந்தவன் வாழ்ந்தான் என்று நானும் எல்லாரையும் போல உபதேசம் பண்ணிவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லை.

காரில் ஏறப்போன வெங்கடபதி கிருபாசங்கரைத் தனியாக ஓரத்துக்கு அழைத்துப்போனார். செருமினார். சட்டைப் பையைத் தடவினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அவருக்குத் தம்பிதுரை என்று கூடப் பிறந்தவர் ஒருவர் இருக்கிறார்; அடுத்த வீடுதான்; நடுவில் இருக்கும் காம்பவுண்டுச் சுவர் யாருடையது என்பதில் ஏதோ தகராறாகிப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணத்துக்கு அவரை அழைக்காமல் முடியாது. முறையென்று பார்த்தால் வெற்றிலை பாக்கோடு நேரில்தான் போய் அழைக்க வேண்டும். ஆனால் எந்த முகத்தோடு போவது?

"அந்தத் தண்டோராவ வுட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்ல முடியுங்களா தம்பி?" என்று அவர் ரகசியமாகக் கேட்டார்.

கிருபாசங்கர் கொஞ்ச நேரத்துக்குமுன் கற்ற பாடத்தை அவருக்குத் திருப்பிச் சொல்லியிருப்பான் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? அவன் முகம் அகல் ஏற்றிய மாதிரி மலர்ந்தது. எந்தச் சேனலுங்க மாமா என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. சூலூர்த் தெரு அமைதியாக இருந்தது. தண்டோரா தம்பிதுரையின் போனுக்கு அழைப்பைச் சொன்னது. சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடிக்கிற சத்தம் இந்தப் பக்கம் வெங்கடபதிக்கே நன்றாகக் கேட்டதாம். பிறகு தம்பிதுரையின் பதில் வந்தது: 'இது மெசினாச் சொல்லுதா, எங்கண்ணன் சொல்லச் சொன்னாரா?' வெங்கடபதி அந்த வரியைக் கண்ணாடி போட்டுப் படித்தார், கழற்றிவிட்டுப் படித்தார். போனை நாற்காலியில் வைத்தார். சுவரோரம் போய் நின்றார்.

"நாந்தான்டா சொன்னேன்," என்றார் சுவரைப் பார்த்து. "வந்துரு."

"சரிங்ண்ணா," என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் இருவருக்கும் வரவில்லை.

சரி, நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? எனக்குத் தண்டோராவும் தெரியாது, கறுப்புத் திரையும் தெரியாது என்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம். வீட்டில் சண்டை வந்த அன்று, மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரைக் குறித்து, 'உங்கப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு' என்று பிள்ளையிடம் சொன்னது யார்? 'எனக்குப் பசி இல்லைன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு' என்று அதே பிள்ளையிடம் பதில் அனுப்பியது யார்? அந்தப் பிள்ளைக்கு மேளப் படம் மட்டும்தான் பாக்கி.

அதெல்லாம் போகட்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். அடடா, அச்சு அசல் அவரேதான் என்று தோன்றியிருக்கும். அவரிடம் நேரில் போய் இதைச் சொல்லலாமே? சொல்ல மாட்டீர்கள். இந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து, மேலே ஒரு வார்த்தையும் எழுதாமல், அவருக்கு அனுப்பிவைப்பீர்கள். அவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் போடுவார்.